எழுந்திருக்கும் சத்தம்

ஸ்டுடியோவில் அவரை எல்லோரும் அடிவாங்கி என்றுதான் கூப்பிடுவார்கள். கூடவே ஓர் அண்ணனையும் ஒட்டிவிடுவதால் மரியாதைக்குக் குறைச்சல் இல்லை. ஜப்பானிய அனிமே கார்ட்டூன் தொடர்களுக்குத் தமிழில் குரல் கொடுக்கும் இடம் அது. நாயகனுக்கு ஒருவன், நாயகிக்கு ஒருத்தி, வில்லனுக்கு ஓர் அடித்தொண்டைக்காரர் என்று ஆளுக்கொரு பாத்திரம் உண்டு. மிச்சமிருக்கிற, பெயர்கூட இல்லாமல் வந்து உதை வாங்கிக்கொண்டு போகிற அத்தனை பேரும் இவர்தான். மாடியிலிருந்து விழ ஓர் அலறல், சுவரில் மோத ஒன்று, கத்திக்குத்துக்கு ஒன்று என்று தனித்தனியாக வைத்திருந்தார். முப்பது வருஷமாக வாய் வலிக்கச் செத்துக்கொண்டிருக்கிற மனிதர்.

வீடு மூன்றாவது மாடியில். மனைவி போய் நாலு வருஷம் ஆகிறது. ஒரே மகள், விமானத்தில் எட்டு மணி நேரத் தொலைவில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வரும்.

"சாப்ட்டீங்களாப்பா?"

"ஆச்சும்மா."

"உடம்பு?"

"எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்."

மாப்பிள்ளையை விசாரிப்பார், அவள் வேலையை விசாரிப்பார், அதற்குள் யாராவது ஒருவருக்கு வேறு வேலை வந்துவிடும். மொத்தம் ரெண்டு நிமிஷம். அதற்குப் பிறகு அடுத்த ஞாயிறுவரை அந்த வீட்டில் பேசுகிற ஒரே ஆள் தொலைக்காட்சிதான்.

அவர் கல்லு மாதிரி இல்லை. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் குளியலறையில் வழுக்கி விழுந்து, முக்கால் மணி நேரம் ஈரத் தரையில் கிடந்தார். ஊரில் உள்ள அடியாட்களுக்கெல்லாம் அலறியவர், அன்றைக்குத் தனக்காக ஒரு சத்தம் போடவில்லை. போட்டால் மட்டும் யார் வந்து கேட்கப் போகிறார்கள்? அன்றிலிருந்து வலது முட்டி பழைய முட்டியாக இல்லை. மகளிடம் மூச்சு விடவில்லை. அம்மா படுத்திருந்தபோது இருந்த நல்ல வேலையை உதறிவிட்டு ஓடி வந்தவள் அவள். மறுபடி வேலை கிடைக்க ஒன்றரை வருஷம் அல்லாடினாள். இன்னொரு தரம் அவளை அப்படி ஓட விடக்கூடாது என்பதில் மனிதர் பிடிவாதமாக இருந்தார்.

விழுந்து நாலு மாதம் கழித்து, பாலங்களைக் காவல் காக்கும் வாள்வீரர்கள் பற்றிய தொடரின் மூன்றாவது சீசன் டப்பிங்குக்கு வந்தது. முதல் ரெண்டு சீசனிலும் ஒரே அடிதடி. மூன்றாவதில் ஏழாம் அத்தியாயத்தைத் திரையில் ஓட்டியபோது இவருக்கே ஆச்சரியம். ஒரு சாதாரண அடியாள் உதை வாங்கி விழுகிறான். நாயகன் போய்விடுகிறான், ஆனால் காட்சி நாயகனோடு போகவில்லை. விழுந்தவனிடமே நின்றுவிடுகிறது. அவன் எழுந்து வீட்டுக்கு நடக்க வேண்டும். வசனம் கிடையாது.

இவர் வழக்கமான முனகலைப் போட்டார். டப்பிங் டைரக்டரம்மா கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இது வேண்டாம் என்று தலையாட்டினார்.

"அண்ணே, இது சினிமா வலி. வீட்ல யாரும் பாக்காதப்போ எப்படி எந்திரிப்பீங்களோ, அப்படிப் பண்ணுங்க."

அடிவாங்கி மைக்கை இறக்கி வைக்கச் சொல்லி, கைக்கடிகாரத்தைக் கழற்றிவிட்டு, தரையில் உட்கார்ந்து, நிஜமாகவே எழுந்தார். முதலில் மூக்கில் ஒரு சின்ன இழுப்பு. பாதி தூரத்தில் ஒரு நிறுத்தம். பல்லுக்கிடையில் யாரையோ கெஞ்சுவது போல ஒரு முனகல். நின்ற பிறகு நீளமாக ஒரு மூச்சு. இன்னொரு தடவை என்று யாரும் கேட்கவில்லை. ஒலிப்பதிவுக்காரர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு எதையோ தேடுவதுபோல் நடித்தார்.

சீசன் வெளியானதும் பிய்த்துக்கொண்டு போனது. எந்த சீசன் ஒசத்தி, ஏன் ஒசத்தி என்று இணையத்தில் குடுமிப்பிடிச் சண்டை. ஒருவன் ஓவியம்தான் காரணம் என்றான், இன்னொருவன் இசை என்றான். தொடரில் வரும் வாள்சண்டைகளை உட்கார்ந்து எண்ணிய ஒரு புண்ணியவான், இரண்டாவது சீசனில் ஐம்பது, மூன்றாவதில் வெறும் பதினொன்று, அதனால்தான் ஒவ்வொன்றும் உறைக்கிறது என்று எழுதினான். யாரோ ஒரு பெண் எழுதியிருந்ததை அடிவாங்கி சாப்பிட்டுக்கொண்டே நாலு தடவை படித்தார்: 'முதல் ரெண்டு சீசனில் விழுந்தவர்கள் காணாமல் போய்விடுவார்கள். இதில்தான் விழுந்தவன் எழுந்திருக்க வேண்டியிருக்கிறது. ஏழாம் அத்தியாயத்தில் அந்த மூச்சைக் கேட்டபிறகு அடுத்த சண்டையில் எனக்குக் கை தட்ட வரவில்லை. யார் அந்தக் குரல்?'

தட்டில் கை காய்ந்துவிட்டது. நான்தான் அது என்று யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. யாரிடமாவது என்ன, மகளிடம்தான். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே ஸ்டுடியோவுக்கு வந்து, ஒலிப்பதிவு மேசைக்கு அடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவள். அப்பா எந்த அலறலை எங்கிருந்து எடுக்கிறார் என்று அவளுக்கு அத்துப்படி. அதுதான் சிக்கலே. அவள் காதில் அந்த மூச்சு விழுந்தால் போதும், குட்டு உடைந்துவிடும். வாழ்நாளில் செய்த ஒரே நல்ல வேலையை, அதைச் சொல்ல ஆசைப்பட்ட ஒரே ஆளிடமிருந்து ஒன்றரை வருஷமாக ஒளித்துவைத்திருந்தார்.

போன ஞாயிறு போன் வழக்கத்தைவிட முன்னதாகவே அடித்தது. சாப்ட்டீங்களா என்ற வழக்கமான கேள்வி இல்லை.

"அப்பா, உங்க மாப்பிள்ளை நேத்து தமிழ்ல ஒரு அனிமே பாத்துட்டிருந்தார். பாலம், வாள்சண்டை. நான் சமையல்கட்டுல இருந்தேன். படத்தைப் பாக்கல, சத்தம்தான் கேட்டுச்சு. ஒருத்தர் கீழேருந்து எந்திரிக்கிறார்."

"ஓ, அதுவா. நல்லா ஓடுது போலிருக்கு."

"அது நடிப்பு இல்லப்பா."

"என்னம்மா, முப்பது வருஷ அனுபவம்," என்று சிரித்தார். சிரிப்பு சரியாகவே வந்தது.

"இப்போ உக்காந்திருக்கீங்களா?"

"ஆமா, நாற்காலியில."

"போனைக் காதுல வச்சுக்கிட்டே எந்திரிங்க."

இதில் என்ன இருக்கிறது என்று அவர் நினைத்தார். மூச்சை அடிவயிற்றில் கட்டினார், பல்லைக் கடித்தார், கையை ஊன்றி பூனை மாதிரி எழுந்து நின்றார். முட்டி உயிரைப் பிடுங்கியது. ஒரு பொட்டு சத்தம் வெளியே போகவில்லை.

"எந்திரிச்சாச்சு," என்றார், கொஞ்சம் பெருமையாகவே.

"மூச்சை அடக்கிட்டீங்க. எங்கிட்டயேவா? உக்காருங்க. இன்னொரு தடவை."

அவர் உட்கார்ந்தார். இன்னொரு தடவையும் அடக்கியிருக்கலாம். தெம்பும் இருந்தது. ஆனால் ரெண்டு வருஷமாக அடக்கி அடக்கி அலுத்துப் போயிருந்தது. கையை ஊன்றினார். மூக்கில் அந்தச் சின்ன இழுப்பு வந்தது. பாதியில் நின்றார். முனகல் தானாகவே வந்தது, அதற்கப்புறம் நீளமாக அந்த மூச்சு.

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி இழுபட்டது. மகள் உட்கார்ந்திருக்க வேண்டும்.

"எப்பப்பா விழுந்தீங்க?" என்றாள்.

கல்லு மாதிரி இருக்கேன் என்பது வாய்வரைக்கும் வந்துவிட்டது. அடிவாங்கி அதை விழுங்கினார்.

"ரெண்டு வருஷமாச்சும்மா," என்றார்.