மேஜர் மூடிய பாதை

கார்ன்வால் கடற்கரையில் எங்கள் போர்த்வெல்லன் ஊருக்கு மேலே, பாறை விளிம்பை ஒட்டிப் போகும் பாதையை 1952 ஏப்ரலில் மேஜர் ஹார்க்னெஸ் முள்கம்பி போட்டு அடைத்தார். லண்டனிலிருந்து வந்து பெரிய வீட்டை வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை. ‘இங்கே பாதை எதுவும் இருந்ததில்லை’ என்று பலகையும் மாட்டிவிட்டார்.

தபால்காரி லவ்டே நான்ஸ் இருபத்தேழு வருஷமாக அந்த வழியாகத்தான் பண்ணைவீடுகளுக்குக் கடிதம் கொண்டுபோகிறாள். அன்றைக்கும் பையைக் கம்பிக்கு அந்தப்புறம் வீசிவிட்டு, தவழ்ந்து நுழைந்தாள். பாவாடை கிழிந்தது. மேஜர் நாயோடு வந்து நின்றார்.

"ஏம்மா, பலகையைப் படிக்கலையா?"

"படிச்சேன் மேஜர். எழுத்துப்பிழை ஒண்ணும் இல்ல. விஷயம்தான் தப்பு."

மறுநாளே கம்பி இரண்டு மடங்கானது. நுழைய வழியில்லை. லவ்டே வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கி அரசாங்கத்துக்கு மனு அனுப்பினாள். நான் மீனவன். எனக்கு எழுத வராது, கட்டைவிரலை அழுத்திக் கொடுத்தேன்.

அக்டோபரில் பிம் என்ற அதிகாரி விசாரிக்க வந்தார். விசாரணைக் கூட்டத்தில் மேஜரின் வக்கீல் எழுந்தார்.

"சாட்சி சொல்றவங்க எல்லாரும் ஒரே ஊர்க்காரங்க. அந்த வழி நடுவுல பாறையில ஒரு பிளவு இருக்கு, ஆடுகூட இறங்க முடியாது. பாதைக்கு ஒரு தடயமாவது இருக்கா?"

"இருக்கு. வந்து பாருங்க ஐயா" என்றாள் லவ்டே.

ஊரே பின்னால் போனது. பிளவில் படிகள் இருந்த இடத்தில் நாங்கள் கண்டது ஒரு மண்மேடு. மேலே முட்செடி குவிந்து கிடந்தது. கோடையில் மேஜரின் வண்டிகள் எதற்காக மண் ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் வந்தன என்பது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. வக்கீல் சிரித்தார்.

லவ்டே தபால் பையைக் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்கையால் முட்செடியைப் பிடித்து இழுத்தாள். உள்ளங்கையில் ரத்தம் வந்தது.

"டேய் ஜோரி, மரம் மாதிரி நிக்காத! மண்வெட்டி எடுத்துட்டு வா!" என்று என்னைப் பார்த்துக் கத்தினாள்.

ஓடினேன். பத்துப் பேர் வெட்டினோம், பெண்கள் மண்ணைக் கூடையில் அள்ளிக் கொட்டினார்கள். ஒரு மணி நேரத்தில் முதல் படி தெரிந்தது. அப்புறம் இரண்டாவது, மூன்றாவது. மொத்தம் முப்பத்தொன்று. பாறையிலேயே வெட்டியவை, ஒவ்வொன்றும் நடுவில் கிண்ணம்போலத் தேய்ந்திருந்தது.

"இதை யார் வெட்டினாங்க?" என்று கேட்டார் பிம்.

"எங்க ஆளுங்கதான் ஐயா. மத்திக் கூட்டம் வந்தா மேலேர்ந்து ஒருத்தன் கத்துவான். பொம்பளைங்க கீழேர்ந்து கூடை கூடையா மேலே சுமப்பாங்க. எங்க அம்மா சுமந்திருக்கா, அவ அம்மாவும் சுமந்திருக்கா" என்றாள் லவ்டே.

பிம் தன் காலைத் தேய்ந்த குழியில் வைத்துப் பார்த்தார். பிறகு முப்பத்தொரு படியும் ஏறி இறங்கினார். வக்கீல் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

மூன்று வாரத்தில் தீர்ப்பு வந்தது: பாதை பொதுவழி. கம்பியை வெட்ட எண்பத்துநாலு பேர் திரண்டோம். முதல் கம்பியை வெட்டியது லவ்டே. முள் தழும்பு மாறாத கையை உயர்த்திக்கொண்டு, காற்றில் முடி பறக்க, அவள் முன்னால் நடந்தாள். பாட்டுப் பாடிக்கொண்டு நாங்கள் பின்னால் போனோம். அன்று பண்ணைவீடுகளுக்குக் கடிதம் இரண்டு மணி நேரம் தாமதம். யாரும் குறை சொல்லவில்லை.