பவள நிறச் சுவர்

வீடுகளை அலங்கரித்துத் தருவது அவள் தொழில். வெள்ளைச் சுவரைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. ஊர் ஊராகச் சுற்றி, நோட்டு நிறைய நிறங்களைச் சேர்த்து வைத்திருந்தவள், அந்தக் கடலோர வீட்டின் கடலைப் பார்த்த வெள்ளைச் சுவரை ஒரே வாரத்தில் பவள நிறமாக்கினாள். ஏதோ ஒரு துறைமுகச் சந்தில் பார்த்துச் சொக்கிப்போன நிறம். சாரத்தில் நின்றபோது, போகிற படகிலிருந்து ஒருவர் கையை ஆட்ட, தலைகால் புரியாமல் இவளும் ஆட்டினாள். "பாத்தீங்களா, கடல்ல போறவங்களுக்கே பிடிச்சுப் போச்சு" என்று வீட்டுக்காரரிடம் பீற்றிக்கொண்டாள்.

பத்தாம் நாள் அந்தப் படகுக்காரரே கையில் மாவுக்கட்டோடு வாசலில் வந்து நின்றார்.

"அந்த வெள்ளைச் சுவர்தான் மேடம் எங்களுக்கு அடையாளம். அதுக்கு நேரா வந்தா பாறையில முட்டாம கரை சேந்துடலாம். நேத்து மூட்டத்துல உங்க கலர் தெரியவே இல்ல. தள்ளி வேற ஒரு வெள்ளை தெரிஞ்சுது. பழக்கதோஷத்துல அங்க திருப்பிட்டேன். படகு ரெண்டாப் போச்சு."

"முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேண்ணே?"

"சொன்னேனே. வேணாம், வேணாம்னு கையை ஆட்டினேன். நீங்களும் சிரிச்சுக்கிட்டே ஆட்டினீங்க."

குரலில் கோபமே இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

வீட்டுக்காரரிடம் நடந்ததைச் சொல்லிவிட்டு, மறுநாள் அவளே சாரமேறி வெள்ளை அடித்தாள். பாதிச் சுவரில் திரும்பிப் பார்த்தால், வேறொரு படகிலிருந்து யாரோ கையை ஆட்டினார்கள். அவள் கையைத் தூக்கவில்லை. பிரஷைப் போட்டுவிட்டு, என்ன சொல்கிறார்கள் என்று கேட்கக் கரைக்கு ஓடினாள்.