காடிக்குள் நடந்த ஜெர்மன் பாடம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வீட்டில், வேலையிடத்தில், கீழ்வீட்டுக்காரன் காடியைக் குறுக்கே நிறுத்தினால் அவனிடம், எங்கேயும் நான் கத்தித்தான் பேசுவேன். குணாளன் மெதுவாகப் பேசினால் ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம். இது என் தங்கச்சிக்கு நன்றாகத் தெரியும். எனக்குத்தான் அன்றைக்குத் தோன்றவில்லை.

தங்கச்சி பிரமிளா தாதி. தனியார் மருத்துவமனையில் ஆறு வருஷம் வேலை பார்த்தவள். ஜெர்மனியில் ஒரு முதியோர் இல்லத்தில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. ஒரே ஒரு நிபந்தனை: மாதக் கடைசிக்குள் ஜெர்மன் ஏ1, அதாவது முதல்படிப் பரீட்சை பாஸ் பண்ணின சான்றிதழ் வேண்டும். இல்லையென்றால் அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். அந்த மாதத்தில் ஒரே ஒரு பரீட்சைதான் இருந்தது, கோலாலம்பூரில், ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு.

ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அவளுக்கு வகுப்பு. மற்ற நாளெல்லாம் கெலுகோரில் எங்கள் அடுக்குமாடி வீடுதான் பள்ளிக்கூடம், அவளோடு பேசிப் பழகும் ஆள் எங்கள் அப்பா பழனியப்பன். தொழிற்சாலை வேன் ஓட்டி ரிட்டையர் ஆனவருக்கு ஜெர்மனைப் பற்றி என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. அவள் வார்த்தைகளைத் தமிழ் எழுத்தில் அட்டையில் எழுதிக் கொடுப்பாள், அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்க வாசிப்பார். அவள் பதில் சொல்வாள். சாயங்காலம் ஆறு மணி அடித்தால் போதும், எங்கள் ஹால் அமளிப்படும்.

'நான்' என்பதற்கு அவர்கள் 'இஹ்' என்கிறார்கள். ஆனால் வெறும் 'இஹ்' இல்லை, நாக்குக்கும் அண்ணத்துக்கும் நடுவில் காற்று சீற வேண்டும். பிரமிளாவுக்கு ஒரு மாதம் அது வரவே இல்லை. அப்பாவுக்குக் கட்டுப்பல் கொஞ்சம் லூஸ், அதனால் முதல் நாளே அச்சாக வந்துவிட்டது. உதட்டை 'ஊ' என்று குவித்துக்கொண்டு 'ஈ' சொல்லும் எழுத்து ஒன்று உண்டு. கதவுக்கு அவர்கள் சொல்லும் வார்த்தையில் அது வரும். அப்பா கதவைப் பார்த்து அதைச் சொல்லும்போதெல்லாம் அம்மா, "ஐயே, வெத்தலய துப்புற மாதிரி இருக்கு" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். வயிறு வலிக்கச் சிரிப்போம்.

நான் டிவி முன்னால் உட்கார்ந்து கடுப்பில் இருப்பேன். ஒரு நாள் சொன்னேன்: "இது என்ன பெரிய பாஷை! தெனம் கேட்டுக் கேட்டு எனக்கே எல்லாம் மனப்பாடம். ஒரு வார்த்த விடாம தெரியும்."

"நெசமாவா அண்ணே?"

"பின்ன என்ன? என்னய உக்கார வை. உனக்கு முன்னாடி பாஸ் பண்ணிக் காட்டுறேன் லா."

அவள் நம்பிவிட்டாள். எனக்குத் தெரிந்தது முப்பது வார்த்தை இருக்கும். மீதியெல்லாம் வெறும் வாய்.

பரீட்சையில் பேசும் பகுதி ஒன்று உண்டு. ஓர் அட்டையை எடுக்க வேண்டும். அதில் 'காப்பி', 'வேலை', 'குடும்பம்' என்று ஏதாவது எழுதியிருக்கும். அந்த வார்த்தையை வைத்து ஒரு கேள்வி கேட்க வேண்டும், எதிரில் இருப்பவர் பதில் சொல்வார். பிரமிளாவுக்குப் பயம் அதில்தான். அதனால் வியாழக்கிழமை கோலாலம்பூருக்குப் பஸ் ஏறும்போது அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனாள்: "நாளைக்கு ஆறு மணிக்குப் போன் அடிப்பா. கடைசியா ஒரு தடவ அட்டைய பாத்துருவோம்."

வெள்ளிக்கிழமை அப்பா லிட்டில் இந்தியாவில் உள்ள கோயிலுக்குப் போனார். மகள் பரீட்சைக்குத் தேங்காய் உடைக்க வேண்டுமாம். மார்க்கெட் ஸ்திரீட்டில் ஒரு துணிக்கடை வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. நான் வேலை பார்க்கும் பத்து காவான் தொழிற்சாலையிலிருந்து பாலத்தைத் தாண்டி ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்குள், மூன்று மணிக்கு, டாக்டர் வெளியே வந்து தலையை ஆட்டிவிட்டார். அறுபத்து நாலு வயசு. காலையில் என்னோடு பசியாறிய மனுஷன்.

அம்மா அழுகையினூடே கேட்ட முதல் கேள்வி, "பிரமிளாவுக்குச் சொன்னியா?" என்பதுதான்.

"சொல்ல வேணாம்" என்றேன்.

"டேய், அவ அப்பாடா."

"நாளைக்குப் பத்து மணிக்குப் பரீட்ச. பன்னெண்டரைக்கு முடிஞ்சிரும். மூணு மணிக்கு ப்ளேன். நாலரைக்கெல்லாம் வீட்டுல இருப்பா. மூஞ்சியப் பாத்த பெறவு எடுக்கலாம். இப்ப சொன்னா பரீட்சயப் போட்டுட்டு ஓடி வந்துருவா. அவரு ஆசப்பட்டதெல்லாம் எதுக்கு?"

மாமா சிவநேசன், அம்மாவின் அண்ணன், "தம்பி சொல்றது சரிதான்" என்றார். நம் ஆட்கள் இப்படித்தான் செய்வோம். பிள்ளைத்தாய்ச்சிக்குச் சொல்ல மாட்டோம், நோயாளிக்குச் சொல்ல மாட்டோம், பரீட்சை எழுதுகிறவனுக்குச் சொல்ல மாட்டோம். எல்லாம் முடிந்தபின் சொல்வோம். அதற்கு அன்பு என்று பெயர் வைத்திருக்கிறோம். வாட்ஸாப்பில் யாரும் படம் போடக் கூடாது என்று சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் நானே அடித்துச் சொன்னேன்.

ஆறரைக்கு அப்பாவை வீட்டுக்குக் கொண்டு வந்தோம். ஏழு மணிக்கு என் போன் அடித்தது, பிரமிளா. பெண்கள் மாரடித்து அழுதுகொண்டிருந்தார்கள். நான் மேசையிலிருந்த அட்டைக்கட்டை எடுத்துக்கொண்டு கீழே ஓடி, காடிக்குள் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிவிட்டேன்.

"அண்ணே, அப்பா எங்க? போன் அடைச்சுக் கெடக்கு."

"லேசா காய்ச்சல்மா. மருந்து சாப்பிட்டுட்டுத் தூங்குறாரு."

"அம்மா?"

"கோயிலுக்குப் போயிருக்கு."

அவள் அடுத்ததைக் கேட்பதற்குள், "அட்டைய நான் வாசிக்கிறேன் வா, எல்லாம் என்கிட்டதான் இருக்கு" என்றேன்.

"நீயா?"

"ஏம்மா, நான் வாசிச்சா ஆகாதா?"

அந்த 'ஏம்மா' என் வாயில் வருகிற வார்த்தையே இல்லை. அவள் ஜெர்மனில் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டாள். பெயர், ஊர், வேலை. நடுவில் இரண்டு இடத்தில் தடுமாறினாள். வேறு நாளாக இருந்தால் 'எருமை, இதுகூடத் தெரியலயா' என்றிருப்பேன். அன்றைக்கு, "பரவால்லம்மா, மெதுவாச் சொல்லு" என்றேன். சட்டையெல்லாம் வேர்வை. ஐந்தாவது மாடி அழுகை கண்ணாடியையும் தாண்டிக் கேட்கிற மாதிரி இருந்ததால் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

முதல் அட்டை காப்பி. கேள்வி கேட்டாள். "யா" என்றேன். ஆமாம் என்று அர்த்தம். இரண்டாவது வேலை. கேட்டாள். "யா" என்றேன். மூன்றாவது அட்டையில் 'ஃபமீலிய' என்று இருந்தது, குடும்பம். வாசித்தேன். கேள்வி வரவில்லை.

"என்னம்மா, மறந்துட்டியா?"

பிறகு ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தாள்: "இஸ்ட் மைன் ஃபாட்டர் டோட்?"

அப்பாவைப் பற்றி ஏதோ கேட்கிறாள் என்று புரிந்தது. கடைசி வார்த்தை புரியவில்லை. புரியாவிட்டால் என்ன, நடத்துவது நாடகம்தானே? இரண்டு முறை யா சொல்லியாகிவிட்டது, இன்னொரு யா சொன்னால் ஒப்புக்குச் சொல்கிறேன் என்று கண்டுபிடித்துவிடுவாள் என்று, "நைன்!" என்றேன், இல்லை என்று.

"நைனா?"

"நைன், நைன்! பிரமாதமா கேட்ட லா!" சிரித்துக்கூட வைத்தேன்.

அவள் பெருமூச்சு விட்டது கேட்டது. "சரிண்ணே. நான் தூங்கப் போறேன். அப்பா எழுந்தா, நல்லா செஞ்சேன்னு சொல்லு" என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் பன்னிரண்டே முக்காலுக்குக் கூப்பிட்டாள். குரலில் அப்படியொரு சந்தோஷம். "முடிச்சுட்டேன் அண்ணே! பேசுறதெல்லாம் சூப்பர். அப்பாகிட்ட குடு."

"குளிக்கிறாரு. நீ சீக்கிரம் ஏர்போட்டுக்குப் போ." அந்த நேரத்தில் ஹாலில் அப்பாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். அதுவரைக்கும் நான் சொன்னதில் அது ஒன்றுதான் பொய் இல்லை.

மூன்று மணி ப்ளேன் கிளம்பவில்லை. அங்கே இடி மழையாம். முதலில் நாலு மணி என்றார்கள், பிறகு ஐந்தே கால். காரியம் செய்ய வந்த பண்டாரம் நேரம் தாண்டுகிறது என்றார். சுடுகாட்டில் ஆறுக்கு மேல் ஆள் இருக்கமாட்டார்கள் என்றார் மாமா. மறுநாள் வரை வைத்தால் உடம்பு தாங்காது என்றார்கள். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "புள்ளைக்கு மூஞ்சியக் காட்டாம எடுக்காதடா, குணா."

எல்லோரிடமும் சண்டைக்கு நிற்கிற நான் அன்றைக்கு அந்தப் பெரியவர்களிடம் வாயைத் திறக்கவில்லை. நான்தான் நேரம் கணக்குப் போட்டுக் கொடுத்தவன், அந்தக் கணக்கு பிசகிவிட்டது, என்ன பேசுவது? தலையை மழித்துக்கொண்டு போய்க் கொள்ளி வைத்தேன்.

ஏழு மணிக்கு விமான நிலையத்தில் தொழிற்சாலைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு நின்றேன். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சிரித்தபடி வந்தாள். கிட்டே வர வர நடை குறைந்தது. என் முன்னால் நின்று, கையை நீட்டித் தொப்பியை எடுத்தாள். மழித்த தலையைப் பார்த்தாள். ஆட்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"எப்போ?"

"நேத்து மூணு மணிக்கு."

"இப்ப எங்க இருக்காரு?"

"எடுத்தாச்சும்மா."

அவள் கத்தவில்லை. நடந்து போய்க் காடியில் பின்னால் ஏறினாள். எப்போதும் முன்சீட்டுக்குச் சண்டை போடுகிறவள். பாதி வழியில் பேசினாள்.

"நான் உன்கிட்ட கேட்டேன்."

"என்ன கேட்ட?"

"அப்பா செத்துட்டாரான்னு கேட்டேன். குடும்பம்னு அட்டை வந்துச்சுல்ல, அப்ப."

காடியை ஓரமாக நிறுத்திவிட்டேன்.

"நீ அவ்ளோ பொறுமையா பேசுற ஆளு இல்ல. அப்பாவும் சொன்ன நேரத்துல கூப்பிடாம இருக்க மாட்டாரு. ஏதோ ஆயிருச்சுன்னு தெரிஞ்சுது. ஆனா அந்த வார்த்தைய தமிழ்ல என் வாயால எப்படிச் சொல்றது? சொன்னா நடந்துருமோன்னு பயம். ஜெர்மன்ல அது பாடத்துல வர்ற ஒரு வார்த்தைதான். அதுல கேட்டுட்டேன். உனக்கு எல்லா வார்த்தையும் தெரியும்னு சொன்னியே."

"பிரமிளா, சத்தியமா எனக்குப் புரியல..."

"காய்ச்சல்னு தமிழ்ல சொன்ன, நான் நம்பல. கோயிலுக்குப் போயிருக்குன்னு சொன்ன, அதையும் நம்பல. நைன்னு சொன்ன பாரு, யோசிக்காம, சிரிச்சுக்கிட்டு. அத மட்டுந்தான் நம்பினேன். ராத்திரி பஸ் ஒண்ணு இருந்துச்சு. டிக்கெட் எடுக்க இருந்தவ, உன்னய நம்பிப் படுத்துத் தூங்குனேன்."

"பரீட்ச போயிருக்குமேம்மா..."

"போகட்டுமே. எனக்கு ஒரு ராத்திரி அவரு பக்கத்துல உக்காரணும், அவ்ளோதான்."

இரண்டு வாரம் கழித்து முடிவு வந்தது. பாஸ். பேசும் பகுதியில் நல்ல மார்க். மார்ச்சில் கிளம்பிப் போனாள். போகிற நாளில்கூட என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் திருப்பிக் கத்தியிருப்பேன், இரண்டு நாளில் ராசியாகியிருப்போம். எங்கள் வீட்டில் எந்தச் சண்டையும் அதற்குமேல் நீடித்ததில்லை.

இப்போது தினமும் அம்மாவைக் கூப்பிடுகிறாள். சில நேரம் போனை நான் எடுக்க வேண்டியிருக்கிறது. வேலை எப்படி, குளிர் எப்படி என்று கேட்பேன். எல்லாவற்றுக்கும் பதில் சொல்வாள், பணிவாக, ஆஸ்பத்திரியில் நோயாளியின் சொந்தக்காரனுக்குச் சொல்கிற மாதிரி. முப்பது வருஷம் வா, போ என்று என் தலையில் ஏறி உட்கார்ந்து பேசினவள். அண்ணே என்ற வார்த்தை மட்டும் வருவதில்லை.

"நல்லா இருக்கேங்க. அம்மாகிட்ட குடுங்க" என்கிறாள்.