சுபாஸ்கரன் அண்ணையின் புதன்கிழமை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தானாக வரவில்லை, கேட்டு வாங்கப்பட்டது. நல்லூரில் நான் புவியியல் படிப்பிக்கிற ரியூசன் நிலையம் ஆண்டு மலர் ஒன்று போடுகிறது. "மாஸ்ரர், பூமி சூடாகிறதைப் பற்றி ஒரு கதை தாங்கோ. சனம் செய்யிறது காணுமோ காணாதோ, போதுமோ போதாதோ எண்டு முடிவிலை தெரியவேணும்" என்றார் நிலையத்தை நடத்தும் றொகான். நானும் ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

வடதுருவத்தில் பனிப்பாறை ஒன்று உடைந்து கடலில் விழுந்த அதே கணத்தில், சண்டிலிப்பாயில்—

நிறுத்திவிட்டேன். நான் கண்ணால் கண்ட பனிக்கட்டி எல்லாம் தொண்டைமானாற்றில் மீன்பெட்டிக்குள் போடுகிற ஐஸ்தான். காணாததை வைத்துக் கதை தொடங்கினால் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

இரண்டாவது:

கோடிக்கணக்கானவர்கள் கவலையில்லாமல் உறங்கிக்கொண்டிருக்க, ஒருத்தி மட்டும்—

நான் மனதில் நினைத்த அந்த ஒருத்தி படுத்தவுடன் உறங்குகிறவள். இதுவும் சரிவரவில்லை. பேனாவை வைத்துவிட்டு ஆறிப்போயிருந்த தேத்தண்ணியில் ஒரு மிடறு குடித்தேன். அப்போதுதான் கதை கைக்குக் கிட்டியது. அந்தத் தேத்தண்ணியில் உப்பில்லை.

2

சண்டிலிப்பாயில் எங்கள் வளவுக் கிணறு சவராகிக் கனகாலம். சோற்றுக்கு உப்புப் போடுகிற வேலை மிச்சம் என்று என் மனைவி நிரோஜா பகிடி விடுவாள். பிறகு அந்தப் பகிடியும் அலுத்துவிட்டது. பக்கத்து வளவும் அப்படித்தான், அதற்கடுத்ததும் அப்படித்தான். எங்கள் நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக்கல். அதற்குள் மழைத் தண்ணீர் கடல் தண்ணீருக்கு மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. மேலே உள்ளதை அளவுக்கு மீறி இறைத்தால் கீழே உள்ளது ஏறி வரும். மழை பிந்துகிறது, வெயில் முந்துகிறது, கடல் உயருகிறது, நாங்கள் இறைத்துக்கொண்டே இருக்கிறோம். (இந்தப் பந்தி பாடக்குறிப்பு மாதிரி வந்துவிட்டது. தொழில் பழக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

ஒழுங்கை முடிவில் இருக்கிற உதயகலாவின் தோட்டக் கிணறு மட்டும் இன்னும் நல்ல தண்ணீர். அயலில் பாதிப் பேர் அங்கேதான் குடிக்க அள்ளுகிறோம். அவள் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. நானும் சைக்கிளில் இரண்டு தண்ணிக் கான்களைக் கட்டிக்கொண்டு போவேன். ஆகவே நான் நடுநிலையான கதாசிரியன் இல்லை. இந்தக் கதையை எழுதுகிற மனுசனுடைய தேத்தண்ணி, கதையின் முடிவில் தங்கியிருக்கிறது. வாசிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

3

அந்தக் கிணறு மட்டும் ஏன் கெடவில்லை?

அது பங்குக் கிணறு. மூன்று பேருக்கு உரிமை. உதயகலாவுக்குச் சில நாள், அடுத்த தோட்டக்காரர் நமசிவாயத்துக்குச் சில நாள், புதன்கிழமை மட்டும் சுபாஸ்கரனுக்கு. சுபாஸ்கரன் சண்டைக் காலத்தில் கனடாவுக்குப் போனவர். அவருடைய காணியில் இப்போது எருக்கலைதான் விளைகிறது. ஆனாலும் முறை முறைதான். குடிக்க யாரும் எப்போதும் அள்ளலாம். ஆள் ஊரில் இல்லை என்று அவருடைய முறையில் இன்னொருவர் மிசின் போட்டு இறைப்பது, வேலியை அரக்கிப் போடுவதற்குச் சமம்.*

* அடுத்தவர் காணிக்குள் வேலியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போடுவது. சட்டத்தரணிகள் பலரின் பிள்ளைகளை நாங்கள் இந்த வழக்குகளுக்குக் காசு கட்டித்தான் படிப்பித்து ஆளாக்கினோம்.

உதயகலாவின் கணவன் கீர்த்திகன் தொண்டைமானாற்றுக் கடற்கரையில் பிறந்தவன். கலியாணமான புதிதில், மாமனார் வீட்டுக்கு உதவி செய்வோம் என்று ஒரு காலையில் மிசினை ஸ்ராட் பண்ணிவிட்டான். அன்று புதன்கிழமை. வாயில் வேப்பங்குச்சியோடு நமசிவாயம் ஓடிவந்தார்.

"நிப்பாட்டு தம்பி! ஆரின்ரை முறையிலை ஆர் இறைக்கிறது?"

"அவர் கனடாவிலையெல்லோ ஐயா?"

"அவன் கனடாவுக்குப் போனால் அவன்ரை புதனும் பிளேன் ஏறிட்டுதோ?"

கீர்த்திகன் நிறுத்தினான். கடலில் ஒருத்தனுக்கும் புதன்கிழமை கிடையாது என்று அன்று முழுக்கப் புறுபுறுத்துக்கொண்டு திரிந்தானாம். உதயகலா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

இப்படித்தான் கிணறு கிழமைக்கு ஒருநாள் ஓய்ந்து கிடந்தது. நாங்கள் எவரும் பூமியைக் காக்கப் புறப்படவில்லை. சுபாஸ்கரன் கோவிப்பார் என்று பயந்தோம், அவ்வளவுதான். அதனால்தான் தண்ணீர் கெடவில்லை என்று நான் சத்தியம் பண்ணமாட்டேன். ஆனால் அயலில் ஓய்வு கண்ட கிணறு அது ஒன்றுதான்.

(இந்த இடத்தில் மரநடுகை விழா ஒன்றைப் பற்றி நக்கலாக ஒரு பந்தி எழுதியிருந்தேன். நானும் போய்ப் படத்துக்கு நின்ற விழா. பிறகு கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்ற ஒருவரும் போகவில்லை. ஒரு வேம்பு மட்டும் எப்படியோ பிழைத்துவிட்டது. அதன் நிழலில் நேற்று ஒரு தாய் பிள்ளைக்குச் சோறு தீத்துவதைப் பார்த்துவிட்டுப் பந்தியை வெட்டிவிட்டேன்.)

4

இந்த வருடம் சித்திரை மழை ஏமாற்றிவிட்டது. உதயகலா சிவத்த மண்ணில் வெங்காயம் நட்டிருந்தாள். குமிழ் பருக்கிற நேரம் வெயில் நெருப்பாக எறித்தது. தன்னுடைய முறையில் வாய்க்கால் நிறைய இறைத்தாலும் பாத்தி மறுநாளே வெடித்துக் கிடந்தது. தாள்கள் நுனியில் கருகத் தொடங்கின. இந்த வெங்காயம் போனால் அடுத்த நடுகைக்கு விதை வெங்காயமும் இல்லை, தோட்டத்தைக் கைவிடவேண்டியதுதான். கடலை நம்பலாம் என்றால், மீன் எல்லாம் தள்ளிப் போய்விட்டது என்று கீர்த்திகன் பாதிப் பெட்டியோடு வருகிறான்.

இத்தனை காலத்தில் ஒருவரும் செய்யாத காரியத்தை உதயகலா செய்தாள். சுபாஸ்கரனுக்கு வட்ஸ்அப்பில் கோல் எடுத்தாள்.

"அண்ணை, நான் உதயகலா, கிணத்தடித் தோட்டம். உங்கடை புதன்கிழமையைப் பற்றிக் கதைக்க எடுத்தனான்."

"என்ரை என்னத்தை?"

"புதன்கிழமை அண்ணை. இறைப்பு முறை."

"எனக்கு இன்னும் அங்கை ஒரு நாள் இருக்கோ?"

"ஓம் அண்ணை. ஒருத்தரும் தொடேல்லை."

அவர் அதை அடியோடு மறந்திருந்தார். கோவிப்பதற்கு அங்கே ஒருவரும் இருக்கவில்லை, நாங்கள்தான் சும்மா பயந்திருக்கிறோம். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் உதயகலாவுக்குக் கேட்டது.

"எடு பிள்ளை. நீயே எடு. எனக்கு இஞ்சை என்னத்துக்குப் புதன்? நமசிவாயண்ணையிட்டையும் சொல்லு, நான் தந்தனான் எண்டு." பிறகு சொன்னார்: "நன்றி பிள்ளை. எனக்கெண்டு ஒரு நாளை வைச்சிருந்தியளே."

கொடுத்தவர்தான் நன்றி சொன்னார். இதை உதயகலாவே என்னிடம் சொன்னாள்.

நமசிவாயமும் குறுக்கே நிற்கவில்லை. "பொன் கிடைச்சாலும் புதன் கிடைக்காது எண்டுவினம். உனக்குக் கிடைச்சிட்டுது. இறை பிள்ளை" என்றார்.

5

இனி முடிவு.

முதல் முடிவு: உதயகலா புதனும் இறைக்கிறாள். வெங்காயம் பிழைக்கிறது, கிணறு சவராகிறது, ஊர் பாடம் படிக்கிற— வெட்டினேன். அவளா பூமியைச் சூடாக்கினாள்? உலகம் முழுக்கச் சேர்ந்து செய்த குற்றத்துக்கு ஒரு வெங்காயத் தோட்டக்காரியைக் கூண்டில் ஏற்ற எனக்கு மனமில்லை.

இரண்டாம் முடிவு: அவள் இறைக்காமல் விடுகிறாள். அன்று பின்னேரமே சந்நிதி முருகன் மனமிரங்கி மழை கொட்டு— "முருகனை உதுக்குள்ளை இழுக்காதேங்கோ" என்றாள் நிரோஜா. அவள் சொன்னது சரி.

மூன்றாம் முடிவில் எல்லாரும் கூடிப் பேசிக் குளம் தூர்வாருகிறார்கள். றொகானுக்கு மிகவும் பிடிக்கும். வாசித்துப் பார்த்தேன், நமசிவாயம் உட்பட எல்லாரும் புவியியல் மாஸ்ரர் மாதிரியே கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

6

செவ்வாய் பின்னேரம் கடதாசிகளை எடுத்துக்கொண்டு உதயகலாவிடமே போனேன். அவள் கிணற்றுக்கட்டில் இருந்து கேட்டாள். எல்லாம் வாசித்து முடிய, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"என்னை ஏன் மாஸ்ரர் பெரிய யோசினைக்காரி ஆக்கி வைச்சிருக்கிறியள்? வெங்காயத்தைப் பாத்தால் இறைப்பம் எண்டு கிடக்கு. தண்ணியைக் குடிச்சுப் பாத்தால் விடுவம் எண்டு கிடக்கு. அவ்வளவுதான்."

"அப்ப நாளைக்கு?"

"நீங்கள்தானே எழுதுறியள். நீங்களே சொல்லுங்கோ."

கடதாசிகளை மீண்டும் புரட்டினேன்.

"நீங்கள் வழமையா எந்த நாளிலை தண்ணி அள்ள வாறனீங்கள்?" என்று கேட்டாள்.

"புதன்" என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. மிசின் ஓடாத நாள். தண்ணீர் மட்டம் ஏறி நிற்கும், கலங்கல் இருக்காது, வாளி சுகமாக இறங்கும். அதனால் அங்கே அள்ளுகிற எல்லாரும் புதன்கிழமைதான் வருகிறோம். ஒரு மனுசனின் நாளைத் தொடக்கூடாது என்று இவ்வளவு கவனமாக இருந்துவிட்டு, நாங்கள் அத்தனை பேரும் அந்த நாளைக் குடித்துத்தான் உயிரோடு இருந்திருக்கிறோம்.

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் சிரித்தாள். "நான் குறையாய்ச் சொல்லேல்லை மாஸ்ரர். புதனண்டைக்குத்தான் இவடம் சனமும் கதையுமாய் இருக்கும். எனக்கும் அந்த நாள்தான் விருப்பம்."

7

வீட்டுக்கு வந்ததும் பின்கோடிக்குள் கழன்று கிடந்த பீலியை எடுத்து, மழைத் தண்ணீர் தொட்டிக்கு ஓடக் கூரையோரம் கட்டினேன். பழைய தொட்டியையும் உரஞ்சிக் கழுவினேன்.

"மழையே இல்லை, பீலி என்னத்துக்கு?" என்றாள் நிரோஜா.

"வந்தால் பிடிக்க."

அவள் வேறொன்றும் கேட்காமல் வந்து ஏணியைப் பிடித்தாள்.

றொகான், நீர் கேட்ட கேள்விக்குப் பதில்: காணாது. என்னுடைய பீலியும், பிழைத்த வேம்பும், பிழையான பயத்தில் நாங்கள் காப்பாற்றி வைத்த புதன்கிழமையும் எல்லாம் சேர்ந்தாலும் காணாது. ஆனால் காணாத அளவிலாவது செய்தவர்களால்தான் இன்றுவரை என் தேத்தண்ணியில் உப்பில்லை. மிசினை நிறுத்தப் பல்லுக் குச்சியோடு ஓடிவந்த நமசிவாயத்துக்கும், புறுபுறுத்தாலும் நிறுத்திய கீர்த்திகனுக்கும், கேட்காமல் எடுக்க மனம் வராத உதயகலாவுக்கும் நான் நன்றி சொல்லவேண்டும். சொல்லிவிட்டேன்.

இப்போது புதன்கிழமை காலை. கான்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன், இன்னும் சைக்கிளில் கட்டவில்லை. உதயகலா மிசின் போட்டால் சத்தம் எங்கள் வளவுவரை கேட்கும். கேட்டாலும் அவள்மேல் எனக்குக் கோபம் வராது.

அவள் என்னிடம் கேட்டதை உங்களிடம் தருகிறேன். நீங்கள் அந்தக் கிணற்றில் அள்ளுகிறவர் இல்லை, அதனால் நியாயமாகச் சொல்லலாம் என்று நினைப்பீர்கள். அதற்கு முன்னர் ஒருமுறை எழும்பிப் போய் உங்கள் வீட்டுப் பானையிலிருந்து ஒரு மிடறு குடித்துவிட்டு, அது யாருடைய புதன்கிழமை என்று விசாரித்துவிட்டு வாருங்கள். வந்து உதயகலாவுக்குச் சொல்லுங்கள், இறைக்கட்டா, விடட்டா என்று. அவள் மிசின் கயிற்றைக் கையில் பிடித்தபடி நிற்கிறாள்.