இருபத்தேழாம் எண்

இரண்டாவது பொத்தானைப் போடும்போது அப்பாவின் சட்டைப் பையில் ஏதோ தட்டுப்பட்டது. ரூபினி விரலை விட்டு எடுத்தாள். எண் சீட்டு. இருபத்தேழு.

கட்சிக் கூட்டத்துக்கென்று அப்பா செல்லப்பன் வைத்திருந்த ஒரே வெள்ளைச் சட்டை அது. நேற்றுக் காலை அதைப் போட்டுக்கொண்டுதான் கிளைத் தலைவர் ராஜசேகரனின் சேவை மையத்துக்குப் போனார். பதினைந்து வருஷமாகக் கிளைச் செயலாளர். கொடி கட்டுவார், நாற்காலி துடைப்பார். ஆனால் செயலாளராக இருந்தாலும் சீட்டு எடுத்துத்தான் உட்கார வேண்டும். தலைவர் வருவதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர், பிறகு எழவே இல்லை.

கேட்டது ஒரு சிபாரிசுக் கடிதம், மகளுக்கு. நாளை திங்கட்கிழமை, ஓர் அரசாங்க அலுவலகத்தில் எழுத்தர் வேலைக்கு நேர்காணல். டிப்ளோமா முடித்து நான்கு வருஷத்தில் இரண்டு நேர்காணல் பார்த்துவிட்டாள். இரண்டிலும் வேலை கிடைத்தவர்களின் கையில் யாரோ பெரிய மனிதரின் கடிதம் இருந்தது. ஊரில் அதற்குக் கேபள் என்று பெயர். கேபள் இல்லாதவர்களுக்கு, 'பிறகு தெரிவிக்கிறோம்' என்ற புன்னகை மட்டும்தான்.

"தலைவரு போன் பண்ணாருடி," என்றாள் அம்மா வாசுகி, அழுது கம்மிய குரலில். "லெட்டர கையோட கொண்டு வர்றாராம். அவரு வர்ற வரைக்கும் எடுக்க வேணாம்னு சொன்னாரு."

மத்தியானத்துக்குள் பண்டாரம் சடங்கை முடித்துவிட்டார். வாய்க்கரிசியும் போட்டாயிற்று. பந்தலில் தலைவருக்காகப் போட்டிருந்த மெத்தை நாற்காலி மட்டும் காலியாக இருந்தது. சித்தப்பா மகேஸ்வரன் வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தார்.

"அண்ணி, மூணு மணிக்கு மின்சுடலைல நேரம் குடுத்திருக்கான். தவறிட்டா நாளைக்குத்தான்."

"கொஞ்சம் பொறுங்க, தம்பி."

ரூபினி தலைவரின் உதவியாளரை மூன்றாவது முறையாக அழைத்தாள்.

"தங்காக் டவுன்ல கடை திறப்பு விழா, தங்கச்சி. ரிப்பன் வெட்டியாச்சு. சாப்பாடு மட்டும்தான் பாக்கி லா. வந்துருவாரு."

மணி இரண்டரை. அவளுக்கும் அந்தக் கடிதம் வேண்டும். அதுதான் அவளைப் பிடுங்கித் தின்றது. அப்பாவைக் கிடத்தி வைத்துவிட்டுக் கார்ச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறோமே என்று தன்மேலேயே வெறுப்பாக வந்தது. உட்கார்ந்தாள், எழுந்தாள், வாசல்வரை போய்த் திரும்பினாள். கைக்குள் சீட்டு வியர்வையில் நனைந்துவிட்டிருந்தது.

"சித்தப்பா, தூக்குங்க."

"ரூபி! லெட்டருடி!" அம்மா அவள் கையைப் பிடித்தாள். "அதுக்காகத்தானே அவரு போனாரு..."

"ஏழு சனிக்கிழமை உக்காந்தாரும்மா. இன்னிக்குமா?"

அம்மா பிடியை விட்டாள். குனிந்து, புருஷனின் சட்டைக் காலரை ஒருமுறை சரிசெய்துவிட்டு ஒதுங்கி நின்றாள்.

ஆண்களோடு அமரர் ஊர்தி கிளம்பியது; ரூபினி பந்தலில் நின்று பார்த்தாள். இரண்டு பக்கமும் கார்கள் நின்றதால் சந்தில் ஒரு வண்டிதான் போக முடியும். பாதி தூரம்கூடப் போயிருக்காது, எதிர்முனையிலிருந்து பெரிய வெள்ளைக் கார் ஒன்று உள்ளே நுழைந்து ஹார்ன் அடித்தது. ஊர்தி ஓட்டுநர் நிறுத்தவில்லை.

கார் நின்றது. பிறகு மெல்லப் பின்னால் போக ஆரம்பித்தது. குப்பைத் தொட்டியில் இடித்துவிடாமல், சாக்கடையில் இறங்கிவிடாமல், திக்கித் திக்கிச் சந்தின் முனைவரை போய் ஓரமாக நின்றது. ஊர்தி அதைத் தாண்டித் திரும்பியது.

"தலைவரு காராடி?" என்று வாசலிலிருந்து அம்மா கேட்டாள்.

"ஆமாம்மா."

ரூபினி மெத்தை நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டாள். வீடு கழுவ வேண்டும். குழாயைத் திறந்துவிட்டு, வாளி நிறையும்வரை நின்றாள்.