பீலி நோய்

வினோதா குடத்தோடு பீலிக்கு வந்ததும் அங்கே நின்ற பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். பொகவந்தலாவைக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில், மலையிலிருந்து பீலி என்கிற குழாய் வழியாக விழும் தண்ணீர்தான் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் ஆட்களுக்குக் குடிக்கவும் குளிக்கவும். பக்கத்து வீட்டு வேலாயி தன் குடத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு தள்ளி நின்றாள்.

“ஏம்புள்ள, நீ இங்க தண்ணி புடிக்காத. ஒம் மகளுக்கு வந்திருக்கிறது பீலி நோயாமே? எங்க புள்ளைங்களுக்கும் தொத்திக்கிட்டா என்னா செய்யிறது?”

“பீலி நோயா? யாரு அக்கா சொன்னது?”

“ஒம் புருசந்தான் போன்ல சொன்னிச்சு. ஏங் காதால கேட்டேன்.”

அந்தக் காதைத்தான் சொல்ல வேண்டும்! நடந்தது இதுதான். வினோதாவின் ஏழு வயது மகள் நிலக்ஷிக்குக் காய்ச்சல் விடவே இல்லை. மகரகமையில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே தாதி சிங்களத்தில் “லே பிளிக்கா” என்றார். இரத்தப் புற்றுநோய். தகப்பன் லோஜனுக்கு அதைத் தமிழில் சொல்ல வாய் வரவில்லை. கைக்குழந்தையான மகனை வேலாயியிடம்தான் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அவளுக்குப் போன் போட்டு, கேட்ட வார்த்தையை அப்படியே சொல்லிவிட்டான். பிளிக்கா அவள் காதில் பீலிக்கா ஆனது, வாய்க்கு வந்ததும் பீலி நோய் ஆனது. அப்புறம் என்ன, லயம் முழுக்கத் தமுக்கடித்துவிட்டாள்.

சிரிப்பு வரலாம். வினோதாவுக்கு அழுகைதான் வந்தது. திங்கட்கிழமை அடுத்த மருந்து ஏற்ற வேண்டும். வார்டில் மகளோடு தாய் தங்க வேண்டும். இந்த முறை கைக்குழந்தையை யார் வைத்துக்கொள்வது? கேட்ட வீடெல்லாம் கதவைச் சாத்தியது.

“விடு வினோதா,” என்றான் லோஜன். “மகரகமைக்குப் போனவங்க எத்தன பேரு திரும்பி வந்தாங்க? மாரியம்மனுக்கு நேந்துக்கிட்டு வீட்டுலயே பாத்துக்குவோம்.”

“நேந்துக்கங்க, நான் வேணாங்கல. ஆனா மருந்த நடுவுல விட்டா நம்ம புள்ள நமக்கில்ல. விடாமப் பாத்தா கொணமாக்கலாம்னு டாக்டரு சொன்னாரில்ல?”

மறுநாள் காலைப் பெரட்டு. வேலை பிரித்துக் கொடுக்க எல்லாரும் கூடியிருந்தார்கள். கூட்டத்தில் வாயே திறக்காத வினோதா, இடுப்பில் பிள்ளையோடு முன்னால் வந்து நின்றாள்.

“பீலி இல்ல, பிளிக்கா! சிங்களத்துல புற்றுநோய்ன்னு அர்த்தம். அது தொத்தாது. தொத்துமுன்னா, அவளோட ஒரே தட்டுல தின்னு ஒரே கம்பளியில படுக்கிற எனக்குல்ல மொதல்ல வந்திருக்கணும்? திங்கக்கெழம நான் போகாட்டி எம்புள்ள செத்துப்போகும். இவன யாராச்சும் வச்சுக்கங்க. அவ்வளவுதான் கேக்குறேன்.”

பின்னால் யாரோ “பீலியாம்!” என்று களுக்கென்று சிரித்தார்கள். அது பரவி, வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயாவும் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார். வேலாயி மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு முகத்தை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை.

“அடி ஆத்தி, என்னா காரியம் பண்ணிட்டேன்!” என்று ஓடிவந்து குழந்தையைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டாள். “நீ போயிட்டு வா புள்ள. எத்தன மாசமானாலும் இவன் எங்கிட்ட இருக்கட்டும்.”

போனார்கள். ஹட்டன் வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று. வளைவுக்கு வளைவு நிலக்ஷிக்கு வாந்தி. முடி கொட்டியது. சில தடவை உயிரே போய்விடும் போலிருந்தது. ஒரு முறைகூட அவர்கள் மருந்தைத் தவற விடவில்லை. மூன்றாவது வருடம் டாக்டர் சிரித்துக்கொண்டே, இனி மருந்து வேண்டாம், இடைக்கிடை வந்து காட்டினால் போதும் என்றார். லோஜன் ஆஸ்பத்திரி வாசலிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். வினோதா வேலாயிக்குப் போன் போட்டாள். “அக்கா, செயிச்சுட்டோம்!” கொழுந்து பறிக்கும் மலையில் எழுந்த கூச்சல் போனில் அவளுக்கே கேட்டது.

இப்போது நிலக்ஷி பாடசாலை ஓட்டப் போட்டியில் தன் பெயரைத் தானே கொடுத்திருக்கிறாள்.

போன மாதம் கீழ் லயத்துப் பையன் ஒருவனையும் மகரகமைக்கு அனுப்பினார்கள். கொழுந்து நிறுக்கும் இடத்தில், கூடப் பறிக்கும் ஓர் இளம்பெண் குரலைத் தாழ்த்தினாள். “அந்த நோயாம்டி. அந்த வீட்டுப் பக்கம் போகாத.”

வேலாயி கூடையைத் தொப்பென்று இறக்கினாள்.

“வாய மூடு! அந்த நோய் தொத்தாது. நாம பேசுற பேச்சுதான் வீட்டுக்கு வீடு தொத்தும். நான் தொத்த வச்சவ, எனக்குத் தெரியும். ஒரு புள்ள தூரத்துக்கு வைத்தியத்துக்குப் போனா, அது வீட்டுல மிச்சமிருக்கிறவங்களுக்குச் சோறாக்கிப் போடணும், தள்ளி நிக்கக்கூடாது. இன்னிக்கு நான் போறேன். நாளைக்கு யாரு?”

அந்த இளம்பெண் தன் கூடையையும் வேலாயியின் கூடைக்குப் பக்கத்தில் இறக்கினாள்.

“நான் போறேங்க்கா,” என்றாள்.