மிச்சம் வைக்காதவள்

அந்தத் தெருப் பெண்கள் எல்லோரும் ஒரே சட்டைத் தொழிற்சாலையில் தைத்தார்கள். தைக்கும் பாகம்தான் பெயர். காலர், அவள் நாத்தனார் பாக்கெட், எதிர்வீட்டுப் பட்டன். சொந்தப் பெயர்கள் சம்பள நாளில் மட்டும் வெளியே வந்தன.

தொழிற்சாலையில் பெண்களுக்கு ஒரே கழிப்பறை. சாவி சூப்பர்வைசரின் கழுத்தில் தொங்கியது. கேட்டால் கொடுப்பார், கொடுக்கும்போது எல்லோர் காதிலும் விழும்படி ஏதாவது சொல்வார். அதனால் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. அதனால் எல்லோருக்கும் நீர்க்கடுப்பு.

அதற்குத் தெருவில் ஒரு டப்பா இருந்தது. பழைய பிஸ்கட் டப்பா, பாக்கெட்டின் வீட்டு அலமாரியில். மருந்துக்கடையில் மாத்திரை வாங்குபவள், எரிச்சல் நின்றதும் மிச்சத்தை அதில் போடுவாள். அடுத்தவளுக்கு ஆகும். முழு அட்டையையும் தானே விழுங்கியவளைப் பற்றித் தெருவில் நல்லவிதமாகப் பேசமாட்டார்கள்.

காலர் நல்ல பெயர் எடுத்தவள். எப்போதும் பாதிக்கு மேல் மிச்சம் வைப்பாள்.

இந்த முறை எரிச்சல் நிற்கவில்லை. வலி விலாவுக்கு ஏறியது. காய்ச்சலில் ஒரு காலர் கோணலாக விழுந்தது. அதைச் சூப்பர்வைசர் பார்த்துவிட்டதால்தான் அவளுக்கு ஆஸ்பத்திரிக்குப் போக விடுப்பு கிடைத்தது.

"கிருமி சிறுநீரகம் வரைக்கும் போயிருச்சு" என்றார் டாக்டரம்மா. "எந்த மாத்திரைக்கும் அசையல. ஊசிதான். இங்கேயே படுங்க."

பக்கத்துக் கட்டிலில் கால்வாய்க்கு அந்தப் பக்கத்து அடுக்குமாடியில் குடியிருக்கும் வங்கி அதிகாரி. சாதாரண மாத்திரையிலேயே சரியாகி, பையை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அவங்களுக்கு என்ன வியாதிங்க?"

"இதேதான். கிருமியும் இதே சாதி. ஆனா உங்க தெருக் கிருமி எல்லா மருந்தையும் படிச்சு வச்சிருக்கு."

"எங்க தெருவில அதாவது படிச்சுதே" என்றாள் காலர்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. இதுவரை என்ன மருந்து சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். காலர் டப்பாவைப் பற்றிச் சொன்னாள், கொஞ்சம் பெருமையாகவே. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

"பாதியில நிறுத்தினா, தப்பிச்ச கிருமி அடுத்த தடவை அந்த மருந்தை மதிக்காது. அதைத்தான் தெரு முழுக்க வளர்த்து வச்சிருக்கீங்க."

மறுநாள் சாயங்காலம் நாத்தனார் பாக்கெட் வந்தாள். முன்னால் வயிறு, ஐந்து மாதம். அக்குளில் டப்பா.

"முகம் தெளிஞ்சிருச்சே அண்ணி. ரெண்டு ஊசி மிச்சம் கேட்டு வாங்கி இதுல போட்டு வைப்போமா?"

"உங்க அண்ணன் சாப்பிட்டாரா?"

"அவரே சமைச்சாரு. அதனால யாரும் சாப்பிடல."

உட்கார்ந்தாள். எழுந்து கழிப்பறைக்குப் போனாள். வந்து உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள்.

"எரியுதாடி?"

"லேசா. டப்பாவுல இருந்து ரெண்டு போட்டேன்."

தன் சிறுநீரகத்துக்காகப் பயப்படாத காலர் அந்த வயிற்றைப் பார்த்துப் பயந்தாள். நர்ஸைக் கூப்பிட்டாள். பரிசோதனை முடிவு வந்ததும் டாக்டரம்மா பாக்கெட்டிடம் சுருக்கமாகச் சொன்னார். "இது மேல ஏறினா குழந்தை குறைமாசத்துல பிறக்கலாம். உனக்குக் கேக்கற மாத்திரை ஒரே ஒரு வகைதான் இருக்கு. அட்டை காலியாகணும்." டப்பாவிலிருந்த மாத்திரைகளை எடுத்துக்கொண்டு டப்பாவைத் திருப்பிக் கொடுத்தார்.

காலர் ஊசிகள் முடிந்து வீடு திரும்பியபோது பாக்கெட்டுக்கு எரிச்சல் நின்றிருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு மாத்திரையும் ஒரு சண்டை.

"அதான் நின்னுருச்சே அண்ணி."

"முழுங்கு."

"பார்க்கறவங்க என்ன நினைப்பாங்க?"

"வாயைத் திற."

அட்டையில் கடைசி மாத்திரை இருந்தபோது பட்டன் வாசலில் வந்து நின்றாள், காலை மாற்றி மாற்றி வைத்தபடி.

"பாக்கெட்டு, டப்பா காலியாமே. அந்த ஒண்ணையாவது குடுத்துடேன். உனக்குத்தான் நின்னுருச்சாமே."

பாக்கெட்டின் கை தானாக நீண்டது. காலர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நாளைக்கு என்கூட ஆஸ்பத்திரிக்கு வா, பட்டன்."

"நாளைக்கு ஷிப்ட்."

"எனக்கும்தான்."

பாக்கெட் எதிர்வீட்டுக்காரியின் முகத்தைப் பார்க்காமல் மாத்திரையை வாயில் போட்டாள். காலர் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். குடித்ததும் இன்னொன்று கொடுத்தாள்.

"பெரிய இடத்துக்காரங்க ஆயிட்டீங்க" என்றாள் பட்டன்.

ஆனால் போகவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எத்தனை மணிக்குப் போகணும்?" என்றாள்.